ரோத்தானை (பிரம்பை) எடுப்பதற்கு முன் நாயின் காதைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தாமான்களில் (குடியிருப்புகளில்) இப்போது நாலு பேர் எங்கே கூடினாலும் நாய்ப் பேச்சுதான். போன மாதம் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பையனைப் பக்கத்து வீட்டு நாய் முன்கையில் கடித்துவிட்டது. அன்றிலிருந்து, வளர்ப்பு நாய், தெரு நாய் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போகச் சொல்லி ஒரு மனு வீடு வீடாகச் சுற்றுகிறது. என் வீட்டுக்கும் வந்தார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் போடவில்லை என்று வாசலில் நின்றபடி அவர்களுக்கு விளக்க முடியவில்லை. அதனால் உங்கள் பத்திரிகை வழியாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் டிரசராக, அதாவது மருந்தக உதவியாளராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பால்மரம் இருந்த காலத்தில் சேர்ந்தேன். செம்பனை வந்து, லயத்துச் சனங்கள் தாமான் வீடுகளுக்குக் குடிமாறிய பிறகு வெளியே வந்தேன். நான் மருந்து கொடுத்தது மனிதர்களுக்கு. ஆனால் தோட்டத்தில் மாட்டுக்கு வயிறு உப்பினாலும் நாய்க்குக் கால் வீங்கினாலும் டிரசர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அந்தக் காலத்தில் ஈப்போவுக்கு நாயைத் தூக்கிக்கொண்டு போக யாரிடம் கார் இருந்தது? அப்போது மிருக வைத்தியர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதும், பிறகு நானே நாய் வளர்த்துப் பார்த்ததும்தான் இந்தக் கடிதத்தில் இருப்பவை.

முதலில் பையனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவன் அம்மா சமயோசிதமாக நடந்துகொண்டார். உடனே குழாயடிக்கு இழுத்துப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். பாட்டி காப்பித்தூளும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு வந்ததைத் தடுத்துவிட்டார். இதை எல்லாத் தாய்மார்களும் மனத்தில் வைக்க வேண்டும். எந்த நாய் கடித்தாலும் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு முழுசாய் 15 நிமிடம் கழுவுங்கள். ரேபிஸ் கிருமிக்கு மேலே கொழுப்பாலான ஓர் உறை உண்டு, சவர்க்காரம் அதைக் கரைத்துவிடும். காப்பித்தூள், சுண்ணாம்பு, மிளகாய், எண்ணெய் எதையும் புண்ணில் அப்ப வேண்டாம். கழுவின கையோடு அரசாங்க கிளினிக்குக்கோ ஆஸ்பத்திரிக்கோ போங்கள். 2015-ல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் நாய்களிடம் ரேபிஸ் வந்தது. கெடாவும் பினாங்கும் நம் பேராவை ஒட்டிய மாநிலங்கள். 2017-ல் சரவாக்கில் பரவி மனித உயிர்களையே கொண்டுபோனது. அறிகுறி தெரிந்த பிறகு இந்த நோயிலிருந்து மீள்வது அநேகமாக நடக்காத காரியம். கடித்த உடனே கழுவி ஊசி போட்டுக்கொண்டால் வராமலே தடுத்துவிடலாம். பையன் நலமாக இருக்கிறான், பள்ளிக்குப் போகிறான்.

அப்புறம் கடித்த நாயைப் போய்ப் பார்த்தேன். டைகர் என்று பெயர், நாட்டு நாயும் அல்சேஷனும் கலந்தது. கார் நிறுத்தும் கூரைக்கு அடியில், நாலடிச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் போகும்போதே காதிலிருந்து புளித்த வாடை அடித்தது. பிடறியில் வெளியே தெரியும்படி உண்ணிகள். இடது காதை மடித்துப் பார்க்க விடவில்லை, தலையை இழுத்துக்கொண்டது. பந்து எடுக்க உள்ளே போன பையன் பாசத்தோடு அந்தக் காதைத்தான் பிடித்துத் தடவியிருக்கிறான்.

"உறுமவே இல்லையா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, பிள்ளைகளுக்காக வாங்கி வந்த நாய். "முன்னெல்லாம் உறுமும் ஐயா. உறுமுனா ரோத்தான்ல ரெண்டு போடுவேன். இப்ப உறுமுறதே இல்ல, நல்லா பழகிடுச்சின்னு நெனச்சேன்" என்றார்.

நான் எழுத வந்த விஷயம் இதுதான் ஐயா. உறுமல் என்பது நாய் கொடுக்கும் எச்சரிக்கை. "எனக்கு வலிக்கிறது, பயமாக இருக்கிறது, கிட்டே வராதே" என்று சொல்ல அதற்கு வேறு வழி கிடையாது. உறுமியதற்காக அடித்தால் வலியும் பயமும் அப்படியே உள்ளே இருக்கும், எச்சரிக்கை மட்டும் நின்றுபோகும். அடுத்த தடவை முன்னறிவிப்பு இல்லாமல் நேராகக் கடிதான். டைகரின் காதுக்கு யாராவது மருந்து போட்டிருந்தால் அந்தப் பையனின் கைக்குக் கட்டுப் போட வேண்டி வந்திருக்காது. நாயின் உடம்பைப் பார்ப்பதையும் அதைப் பழக்குவதையும் நாம் வெவ்வேறு வேலைகளாக நினைக்கிறோம். என் அனுபவத்தில் இரண்டும் ஒரே வேலை.

உண்ணியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நம் ஊரில் அதிக நாய்களை வதைப்பது அதுதான். அதைவிட அதிகமாக வதைப்பது உண்ணிக்கும் சொறிக்கும் நாம் செய்கிற வைத்தியம். மோட்டார் பட்டறையில் கழிக்கிற கறுப்பு எண்ணெயை வாங்கி வந்து நாயின் மேல் பூசும் பழக்கம் லயத்தில் இருந்தது, தாமானுக்கும் கூடவே வந்துவிட்டது. மண்ணெண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு. தோட்டத்து ஸ்டோரிலிருந்து பூச்சி மருந்தைக் கொண்டுவந்து வாளியில் கலந்து குளிப்பாட்டினவர்களையும் பார்த்திருக்கிறேன். தோல் வெந்து போகும். நாய் தன் உடம்பைத் தானே நக்கும், அந்த விஷம் முழுவதும் வயிற்றுக்குள் போய் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பூசின மறுநாள் நாய் சொறிவதை நிறுத்தியது என்றால் குணமாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். சொறியவும் தெம்பில்லாமல் கிடக்கும். தயவுசெய்து இந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

நம் வீடுகளில் ஒட்டிக்கொள்ளும் பழுப்பு உண்ணி நாயின் மேலேயே வாழ்நாள் முழுக்க இருக்காது. இரத்தம் குடிக்கும், விழும், சுவரில் ஏறி வெடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும், தோல் உரித்துவிட்டு மறுபடி நாயைத் தேடி வரும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். அதனால் நாயை மட்டும் கழுவிக்கொண்டிருந்தால் தீராது. படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போட்டு வெயிலில் காயவையுங்கள். நாய்க் கூண்டுக்குப் பின்னால் இருக்கும் சுவர் வெடிப்புகளைச் சிமெண்ட் போட்டு அடையுங்கள். உண்ணியை எடுக்கும்போது இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சவர்க்காரத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள். நகத்தால் நசுக்குவது, சிகரெட்டால் சுடுவது இரண்டும் வேண்டாம்.

இயற்கை வைத்தியம் பற்றி என்னிடம் கேட்பவர்கள் அதிகம். எனக்கு அதில் மரியாதை உண்டு. வேப்பிலையைக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவைத்து, குளித்த பிறகு கடைசித் தண்ணீராக ஊற்றினால் அரிப்பு கொஞ்சம் அடங்கும். வறண்ட தோலுக்கும் வெடித்த பாதத்துக்கும் தேங்காய் எண்ணெய் மெலிசாகத் தடவலாம், நக்கினாலும் கெடுதல் இல்லை. வயிறு லேசாகப் போகிற பெரிய நாய்க்கு உப்பில்லாத கஞ்சி, வேகவைத்த கோழி, மசித்த பூசணி நல்லது. ஆனால் கலக்காத வேப்பெண்ணெயை அப்படியே ஊற்றாதீர்கள், தோல் எரியும். உண்ணி ஓடிவிடும் என்று பூண்டை அரைத்துச் சோற்றில் போடுகிறார்கள். பூண்டும் வெங்காயமும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், இரத்தச் சோகை வரும். உண்ணி ஏற்கெனவே இரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கும்போது நாமும் சேர்ந்து குறைக்க வேண்டுமா? பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடுவதும் அப்படித்தான். நம் பிள்ளைகளுக்கே அதைச் செய்யாதீர்கள் என்று மருந்தகத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஈரமான நம் ஊர்ச் சூட்டில் தொங்கு காதுக்குள் பூஞ்சை நன்றாக வளரும், எண்ணெய் ஊற்றினால் இன்னும் வளரும். வெளிக்காதை மெல்லிய துணியால் துடைத்துவிட்டு, உள்ளே வாடையோ கறுப்பு அழுக்கோ இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். பஞ்சுக் குச்சியை உள்ளே விட வேண்டாம்.

உண்ணிக் காய்ச்சல் வந்துவிட்டால் வீட்டு வைத்தியம் போதாது. இது உண்ணி கடிக்கும்போது இரத்தத்தில் புகும் கிருமியால் வருவது. நாய் சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும், மூலையில் படுக்கும், சில சமயம் மூக்கில் இரத்தம் வடியும். உதட்டைத் தூக்கி ஈற்றைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்துப்போய் இருந்தால் அன்றைக்கே வண்டி பிடியுங்கள். நாயின் உடம்புச் சூடு 38.3 முதல் 39.2 டிகிரி வரை இருப்பது இயல்பு, ஆகவே நம் கைக்குக் கொஞ்சம் சுடுவதாகத் தெரிந்தாலே காய்ச்சல் என்று பயப்பட வேண்டாம். வைத்தியர் இரத்தம் சோதித்து, எர்லிக்கியா என்ற கிருமி இருந்தால் வழக்கமாக டாக்சிசைக்கிளின் கொடுப்பார், பெரும்பாலும் 28 நாள் கொடுக்க வேண்டும். நாய் இரண்டே நாளில் எழுந்து வாலாட்டும், அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டெங்கிக்குக் கொடுப்பதுபோல் பப்பாளி இலைச் சாறு கொடுத்துப் பார்க்கிறோம் என்று ஒரு வாரத்தைக் கடத்திவிட்டு, நாய் எழ முடியாமல் போன பிறகு என்னைக் கூப்பிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த ஒரு வாரம்தான் நாயின் உயிர்.

இன்னொன்று, வீட்டில் பூனையும் இருந்தால் நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்கு ஊற்றிவிடாதீர்கள். சிலவற்றில் பெர்மெத்ரின் இருக்கும், அது பூனையைக் கொன்றுவிடும். நமக்குக் காய்ச்சலுக்கு வைத்திருக்கும் பனடோலும் பூனைக்கு விஷம், நாய்க்கும் ஆகாது.

குடல் பூச்சிக்கான மருந்து விஷயத்தில் பெரியவர்கள் கொட்டைப்பாக்கை இடித்துக் கொடுத்ததைப் பார்த்திருப்பீர்கள். அதில் விஷயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பாக்கிலிருந்து எடுத்த அரிகோலின் என்ற பொருளை ஒரு காலத்தில் வைத்தியர்களே நாயின் நாடாப்புழுவுக்குக் கொடுத்தார்கள். ஆனால் அளவு கொஞ்சம் தப்பினாலும் வாந்தி, பேதி, வலிப்பு. அதனால்தான் அதை விட்டுவிட்டு இப்போதைய மாத்திரைகளுக்கு வந்தார்கள். குட்டிகளின் வட்டப்புழு முட்டை மண்ணில் கிடந்து, விளையாடும் குழந்தைகளின் வாய்க்குள் போனால் சில சமயம் கண்ணைக்கூடப் பாதிக்கும். ஆகவே இதில் சோதனை வேண்டாம், மாத்திரை வாங்கிக் கொடுங்கள். கொசு கடித்து வருகிற இதயப் புழுவும் நம் ஊரில் உண்டு. இருதயத்துக்குள் ஓரடி நீளம் வரை வளரும், வளர்ந்த பிறகு எடுப்பது கஷ்டம், மாதாமாதம் கொடுக்கும் மருந்தால் தடுப்பது சுலபம்.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை. இதைத் தள்ளிப்போட்டால் குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற தொற்றுநோய் வரலாம். அந்த இரத்தப் பேதியும் வாடையும் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். ஒரு குட்டி செத்த வீட்டில் உடனே இன்னொரு குட்டி வாங்கி வந்து அதையும் பறிகொடுத்தவர்கள் எத்தனை பேர். தரையை ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊறவிட்டுக் கழுவுங்கள்.

தோட்டத்தை ஒட்டி இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. செம்பனை அடியில் வைக்கும் எலி மருந்துக் கட்டிகளை நாய் நேரடியாகத் தின்னும், செத்த எலியையும் தின்னும். இரண்டு மூன்று நாள் ஒன்றும் தெரியாது, பிறகு ஈற்றிலும் மலத்திலும் இரத்தம். இதற்கு மாற்று மருந்து உண்டு, வைட்டமின் கே1. மருந்துக் கட்டியின் பெயரோ உறையோ கையில் இருந்தால் எடுத்துக்கொண்டே வைத்தியரிடம் ஓடுங்கள். சில தோட்டங்களில் கம்பத்தின் மேல் பெட்டி வைத்து எலி பிடிக்க ஆந்தை வளர்க்கிறார்கள். எலிக்கு எலியும் ஒழியும், நாய்க்கும் ஆபத்தில்லை. அந்த வழி எல்லாத் தோட்டங்களிலும் பரவ வேண்டும் என்பது என் ஆசை. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 தொடக்கத்திலிருந்து நம் நாட்டில் தடை. பழைய டின்கள் எங்காவது கிடந்தால் அதில் மழைத்தண்ணீர் பிடித்து நாய்க்கு வைக்காதீர்கள். அந்த மருந்து மனிதர்களை என்ன செய்யும் என்று என் கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

இனி ரோத்தான்.

எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டில் ஓர் அம்மா இருக்கிறார். தோட்டத்தில் மருந்து அடிக்கும் வேலை பார்த்தவர், எல்லோருக்கும் அக்கா. பட்டறைப் பக்கம் திரிந்த ஒரு பெட்டை நாயைக் கொண்டுவந்து வளர்க்கிறார், பவுனு என்று பெயர். வந்த புதிதில் மோட்டாரில் போகிற யாரையும் விடாது, விரட்டும். அதிகாலையில் சூராவ் தொழுகைக்குப் போகும் எதிர்வீட்டு மலாய்ப் பெரியவர் பக்சிக்கைக் கண்டால் சொல்லவே வேண்டாம். நாய் தன் மேல் பட்டுவிட்டால் தொழுகைக்கு முன் அவருக்கு எத்தனை சங்கடம் என்று அக்காவுக்குத் தெரியும். அவர் கம்பு எடுக்கவில்லை. கோழி ஈரலை வேகவைத்துச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி ஒரு டப்பாவில் வைத்துக்கொண்டார். வாசல் கதவுக்கு உள்ளே, தெருவிலிருந்து தள்ளி, பவுனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு உட்காருவார். தூரத்தில் மோட்டார் சத்தம் கேட்டு, நாய் காதைத் தூக்கும்போதே, குரைப்பதற்கு முன்பே, "பவுனு" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் ஒரு துண்டு ஈரல். மறுபடி மோட்டார், மறுபடி ஈரல். குரைத்துவிட்டால் திட்ட மாட்டார், இன்னும் நாலடி பின்னால் நகர்ந்து உட்காருவார். கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுக்கு அருகே வந்தார்கள். இப்போது மோட்டார் சத்தம் கேட்டால் பவுனு தெருவைப் பார்க்காமல் அக்காவின் முகத்தைப் பார்க்கிறது. பக்சிக் நின்று "பாய்க், பாய்க்" என்று, நல்லது என்ற பொருளில், சொல்லிவிட்டுப் போவதை நானே கேட்டிருக்கிறேன். அடிவாங்கும் நாய் பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டால் அடியை நினைத்துப் பயந்து இன்னும் அதிகமாகக் குரைக்கும். ஈரல் வாங்கும் நாய்க்கு அவர் வருவதே நல்ல சேதி.

"நாய்க்கு நாம்தான் தலைவன் என்று காட்ட வேண்டும், மல்லாக்கப் போட்டு அழுத்த வேண்டும்" என்று சொல்லும் பழக்குநர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கருத்து எங்கிருந்து வந்தது தெரியுமா? 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசெல் விலங்குக் காட்சிசாலையில், ஒன்றுக்கொன்று உறவில்லாமல் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதியது. பிறகு டேவிட் மெக் என்ற ஆராய்ச்சியாளர் காட்டு ஓநாய்களை வருடக்கணக்கில் கவனித்து, அவை தாய், தகப்பன், பிள்ளைகள் என்ற குடும்பமாக வாழ்கின்றன, தலைமைச் சண்டை என்று எதுவும் பெரிதாக இல்லை என்று 1999-ல் எழுதினார். தானே முன்பு பரப்பிய கருத்தை அவரே திருத்தினார். 2021-ல் அமெரிக்கக் கால்நடை நடத்தை மருத்துவர்களின் சங்கம், எல்லா நாய்க்கும் எல்லாப் பிரச்சினைக்கும் பரிசு கொடுத்துப் பழக்கும் முறையைத்தான் கையாள வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. கடிக்கிற நாய்க்கும் அதே முறைதான்.

டைகரை இப்போது அப்படித்தான் பழக்குகிறோம். வைத்தியர் காதைச் சுத்தம் செய்து மருந்து கொடுத்தார், வலி தணிகிற வரை யாரும் தலையைத் தொடக் கூடாது என்றார். அதற்குப் பிறகு தோளைத் தொட்டு ஒரு துண்டு ஈரல், கழுத்தைத் தொட்டு ஒரு துண்டு, காதின் வெளிப்பக்கம் விரல் பட்டு ஒரு துண்டு. தலையை இழுத்தால் அன்றைக்கு அதோடு நிறுத்தம். இப்போது அதுவாகவே தலையைக் கொண்டுவந்து என் முழங்காலில் வைக்கிறது, வீட்டுக்காரர் காதை மடித்து மருந்து விடுகிறார். நாலடிச் சங்கிலியை எடுத்துவிட்டு, முற்றத்தின் இரண்டு மூலைக்கும் தலைக்கு மேலே கம்பி இழுத்து, அதில் வளையத்தோடு கயிற்றை ஓடவிட்டிருக்கிறார். நாய் நிழலுக்கும் வெயிலுக்கும் தானாகப் போய்வரலாம். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மதியத்தில் துத்தநாகக் கூரைக்கு அடியில் கட்டிப்போட்டால் எந்த நாய்க்கும் கோபம்தான் வரும். அதற்காகப் பையன் மறுபடி டைகர் பக்கம் போகலாம் என்று நான் சொல்ல மாட்டேன். வெளியே அழைத்துப் போகும்போது வாய்க்கூடு போட வேண்டும், அதையும் ஈரல் கொடுத்தே பழக்குகிறோம்.

பிள்ளைகளுக்கும் நாம் கற்றுத்தர வேண்டும். சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய், கட்டியிருக்கும் நாய் எதன் பக்கமும் போகக் கூடாது. கட்டிப்பிடிக்கக் கூடாது. தெரு நாய் துரத்தி வந்தால் ஓடாமல் கையை மடக்கி அசையாமல் நின்று, அதன் கண்ணைப் பார்க்காமல் இருக்க வேண்டும். குட்டிகளுக்கோ மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை உள்ள காலம் முக்கியம். அப்போது குழந்தை, குடை, மோட்டார், சீருடைக்காரர் எல்லாவற்றையும் பயமில்லாமல் பார்த்து வளர்ந்தால் பிற்காலத்தில் தொல்லை குறைவு. அந்த நேரத்தில் பெட்டிக்குள் அடைத்து வைத்துவிட்டு, பெரிதான பிறகு தீபாவளிப் பட்டாசுக்கு ஓடிப்போகிறது என்று வருத்தப்படுகிறோம்.

மனு கொடுப்பவர்களின் பயம் நியாயமானது. நானும் பேரப்பிள்ளைகள் உள்ளவன்தான். ஆனால் இருக்கும் நாய்களைப் பிடித்துப் போனால் அந்த இடத்துக்கு ஊசி போடாத வேறு நாய்கள் வரும். ஒரு பெட்டை 63 நாள் சுமந்து குட்டி போடும், வருடத்துக்கு இரண்டு தடவைகூட. ரேபிஸைத் தடுக்க உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது நூற்றுக்கு 70 நாய்களுக்காவது தடுப்பூசி போடுங்கள் என்றுதான். ஊசியும் கருத்தடையும் செய்த, அடிவாங்காத நாய்கள் ஒரு தாமானில் இருந்தால் அந்தத் தாமான் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. நாயை வதைப்பவர்களுக்கு 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு என்பதையும் சிலர் தெரிந்துகொள்ள வேண்டும். போன வாரம்கூட ஒரு வீட்டில் இரும்புக் குழாயால் அடிக்கும் சத்தம் கேட்டு நான் உள்ளே போக வேண்டியிருந்தது.

அந்த மனுவுக்குப் பதிலாக நானும் அக்காவும் இன்னொரு மனு எழுதிக் கால்நடை இலாகாவின் மாவட்ட அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். ரேபிஸ் ஊசியும் மற்ற ஊசிகளும் போட, கருத்தடைக்குப் பெயர் பதிய, ஒரு ஞாயிறு காலை வர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். முனியாண்டி கோயில் நிர்வாகம் மண்டபத்துக்கு வெளியே இருக்கும் கூடாரத்தைத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. நாயைச் சங்கிலியில் இழுத்து வராமல் கழுத்துப்பட்டையும் கயிறும் போட்டு, காலையில் வெயில் ஏறுமுன் அழைத்து வாருங்கள். கடிக்கும் என்று சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், வாய்க்கூடு வைத்திருப்போம். ஒரு சின்ன டப்பாவில் ஈரலோ கோழியோ எடுத்து வந்தால் ஊசி போடுகிறவருக்கும் நாய்க்கும் சிரமம் குறையும். முதல் மனுவில் கையெழுத்துப் போட்டவர்களும் தங்கள் நாய்களோடு வர வேண்டும், அவர்களைத்தான் நான் அதிகம் எதிர்பார்க்கிறேன்.

இலாகாவிடமிருந்து தேதி வந்ததும் உங்களுக்கு எழுதுகிறேன். வட்டாரச் செய்திப் பக்கத்தில் இரண்டு வரி போட்டு உதவுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்ட டிரசர்,
சுங்கை சிப்புட், பேரா.